மறு: சூரிய ‘ஜெட்’ – தாரையா, பீச்சலா?

நண்பர்களே,
சூரியனைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் துணையுரை எழுதுகிறேன். ஜெட் (jet), ஸ்பிக்யூல் (spicule) என்னும் இரண்டு சொற்களுக்குத் தமிழ் தேவை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ஜெட், ஸ்பிக்யூல் இரண்டும் ஒரே காட்சியில் வருவதால் இரண்டுக்கும் ‘தாரை’ என்று எழுதித் தப்பிக்க வழியில்லை. ஸ்பிக்யூல் நிறமண்டலத்திலிருந்து (சூரிய வளிமண்டலத்தின் கீழடுக்கு) சுமார் 10,000 கி.மீ. எழும்பிச் சில நிமிடங்களில் மறைந்துவிடும். எந்நேரமும் ஆயிரக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். ஜெட் வேறு. எதிரெதிர்த் துருவக் காந்தப்புலங்கள் நெருங்கி, புலக்கோடுகள் அறுந்து புதிதாக இணையும்போது பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற சூடான வாயு, பீறிட்டுக் கிளம்புகிறது. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவுக்குள் லட்சம் கி.மீ. போவதும் உண்டு.

* * *

> தாரை

வேண்டாம். வடசொல் என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். தாரை தாரையாக வழிவதெல்லாம் கீழ்நோக்கித்தான். இது மேலே பாய்கிறது. போதாக்குறைக்குத் தாரை என்றால் விண்மீன் என்றும் பொருள் உண்டு. வானியலில் இந்தக் குழப்பம் தேவையா? ‘பீச்சல்’ நல்ல தமிழ்.

* * *

ஐயா, வகுப்பில் ஒருமுறை ‘பீச்சல்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அன்றைக்குப் பாடம் நடக்காது.

* * *

புறநானூறு யானையின் துதிக்கையைத் ‘தூம்புடைத் தடக்கை’ என்கிறது. நீரை உறிஞ்சிப் பீய்ச்சும் கை! ஆகவே ‘ஞாயிற்றுத் தூம்பு’ என்க. தும்பு, தூம்பு, தும்பிக்கை எல்லாம் துளை என்னும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. தும்மலையும் இதில் சேர்க்கலாம். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

* * *

தும்மலுக்குக் காத்திருக்க நேரமில்லை, ஐயா. தூம்பு என்பது குழாய். குழாயிலிருந்து பாய்வது அல்ல. ஆனால் காந்தப்புலம் கட்டாகத் திரண்டு சூரியனின் உள்ளிருந்து மேலெழுகிறதே, அது மேற்பரப்பைத் துளைக்கும் இடங்களில்தான் சூரியப்புள்ளிகள் தெரிகின்றன. அந்தக் கட்டுக்குக் ‘காந்தத் தூம்பு’ கச்சிதம். கேட்காத கேள்விக்கு விடை கிடைத்தது.

ஸ்பிக்யூலுக்குச் ‘சுடர்முள்’?

* * *

சுடர் ஏற்கெனவே சூரிய வெடிப்பொளிக்கு (flare) போய்விட்டது. ‘கதிர்முள்’ என்போம். பயிரின் கதிர், பரிதியின் கதிர் இரண்டும் நமக்கு ஒரே சொல். சூரியனின் விளிம்பில் ஸ்பிக்யூல்கள் வரிசையாக நிற்பதைப் படத்தில் பார்த்தால் மறுக்கத் தோன்றாது.

* * *

கதிர் என்றால் கதிர்வீச்சு என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா? சரி, முள் இருப்பதால் தப்பித்தது. எனக்குச் சம்மதம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஸ்பிக்யூல் ‘கதிர்முள்’. ஜெட்டுக்கு, எதிர்த்தவர்கள் ஓய்ந்துவிட்டதால், ‘தாரை’. ‘பிளாஸ்மாத் தாரை’ என்று ஒற்று மிகுமா, மிகாதா என்று மட்டும் சொல்லுங்கள்.

* * *

அயற்சொல்லுக்குப் பின் ஒற்று மிகாமல் எழுதுவது உண்டு. நான் ஓயவும் இல்லை. பீச்சல் கூடாது என்றால் ‘பீறல்’ இருக்கிறது. கிழிசல் என்றும் பொருள்படுமே என்பீர்கள். புலக்கோடு அறுவதால்தானே அது கிளம்புகிறது? தாரை எனக்கு உடன்பாடில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.