பனிக்காலத்தில் வறளும் கால் தோல்: அன்றாடம் என்ன செய்யலாம்?

கேள்வி:
நாங்கள் ஊட்டியில் வசிக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து, அறுபது வயதைக் கடந்த என் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்கிறது. இரவில் அரிப்பினால் அவருக்குத் தூக்கமே இல்லை. நன்றாகச் சுடும் வெந்நீரில் குளித்துவிட்டு, உடல் உலர்ந்தபின் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். ஆயினும் மாலைக்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது.

மறுமொழி 1:
தவறு எண்ணெயில் இல்லை. வெந்நீரிலும் தடவும் நேரத்திலும்தான் இருக்கிறது. சூடான நீர் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள், அதாவது சுமார் 3 நிமிடங்களுக்குள், கிளிசரின் கலந்த கிரீமையோ வாசலினையோ தடவச் சொல்லுங்கள். எண்ணெய், தோலில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தைக் காக்குமே தவிர, புதிதாக ஈரத்தைக் கொண்டுவராது. இரவில் மறுபடியும் தடவ வேண்டும்.

மறுமொழி 2:
சோப்பை அக்குள், பாதம் போன்ற இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலான சோப்புகள் காரத்தன்மை உடையவை. தோலோ சற்றே அமிலத்தன்மை கொண்டது. இயற்கையானது என்று நம்பிக் கடலை மாவுக்கு மாறினாலும் அது எண்ணெய்ப் பசையை உறிஞ்சவே செய்யும் (என் வீட்டில் இதற்கே பெரிய விவாதம் நடந்தது).

மறுமொழி 3:
செதில் தடிப்பாக இருந்தால் தோலை மென்மையாக்கும் 10 சதவீத யூரியா கிரீம் நன்கு உதவும். வெடிப்புள்ள இடத்தில் மட்டும் எரியும். இரண்டு வாரங்களில் குறையாவிட்டால், சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதித்துவிடுங்கள்; அவற்றாலும் தோல் வறளலாம்.