27-வது கிலோமீட்டர்ல கொப்புளம்: ஷூ தப்பா, நான் தப்பா?

குரோம்பேட்டை_கணக்குமிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். முதல் பதிவே புலம்பலா இருக்கு, பொறுத்துக்குங்க.

வயசு 41. மூணு வருஷமா ஓடுறேன். ஹாஃப் மாரத்தான், அதான் 21 கிலோமீட்டர், ஆறு முடிச்சாச்சு. போன ஞாயித்துக்கிழமை சென்னையில என்னோட முதல் ஃபுல், 42 கிலோமீட்டர். விடியக்காலம் 4 மணிக்கு நேப்பியர் பாலத்துல கிளம்பினோம். காந்தி சிலை, கலங்கரை விளக்கம் எல்லாம் இருட்டோட இருட்டா போயிடுச்சு. கிலோமீட்டருக்கு 7:15, 7:20ன்னு அளந்து வச்ச மாதிரி ஓடிட்டிருந்தேன்.

22 தாண்டினதும் வலது காலுக்குள்ள ஒரு பொடிக்கல் மாட்டின மாதிரி இருந்துச்சு, பெருவிரலுக்குக் கீழ அந்த மேட்டுல. நின்னு உதறலாம்னு தோணுச்சு. ஆனா நின்னா ஒரு நிமிஷம் போயிடுமே! அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சு நான் என்ன கட்டினேன்னு பின்னாடி சொல்றேன்.

27-ல முடியலை. ஈசிஆர்ல நடு மீடியன்ல உக்காந்து ஷூவைக் கழட்டினேன். கல்லெல்லாம் ஒண்ணும் இல்லை. சாக்ஸைப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது. பாதத்துல ரெண்டு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு கொப்புளம், ஊதி வச்ச பலூன் மாதிரி. இடது காலையும் பார்த்தா குதிகால் பின்பக்கம் இன்னொண்ணு, அது சின்னது.

ஒரு வாலண்டியர் தம்பி ஓடி வந்து ரெண்டு பேண்ட்எய்ட் கொடுத்தான். ஈரக் கால்ல ஒட்டிட்டுக் கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர்கூட தாங்கலை. சுருண்டு சுருண்டு பீடி மாதிரி ஆகி, அதுவே கொப்புளத்துல போய் உறுத்துச்சு. கடைசியில நெஞ்சுல மாட்டுற பந்தய எண் அட்டையில குத்தியிருந்த சேஃப்டி பின் ஒண்ணைக் கழட்டி நானே குத்தி விட்டுட்டேன். பத்து நிமிஷம் சொர்க்கம். அப்புறம் வேர்வை உள்ள இறங்குச்சு பாருங்க, கண்ணுல மிளகாய்ப்பொடி விழுந்த எரிச்சல், ஆனா உள்ளங்கால்ல. மீதி தூரம் பூரா பாதத்தோட வெளி ஓரத்தை ஊணி ஊணி, நடையும் இல்லாம ஓட்டமும் இல்லாம போய்ச் சேர்ந்தேன். 5 மணி 52 நிமிஷம். முதல் 27 கிலோமீட்டருக்கு 3:20 தான் ஆச்சு. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

மறுநாள் ஸ்கூல். ஹவாய் செருப்போட, போர்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாடம் எடுத்தேன். ஒன்பதாம் கிளாஸ் பையன் ஒருத்தன், "ஏன் மிஸ் நொண்டுறீங்க?"ன்னான். "42 கிலோமீட்டர் ஓடினேன்டா." "ஏன் மிஸ், பஸ் வரலியா?"

சரி, கேள்விக்கு வரேன். ஷூ வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, 180 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இதே ஷூவுல டிசம்பர்ல 32 கிலோமீட்டர் லாங் ரன் போனேன், ஒரு கீறல்கூட இல்லை. பந்தயத்தன்னிக்கு கால் பூரா வாசலின் வேற தடவியிருந்தேன். அப்புறம் எப்படி? வீட்டுக்காரர் ஷூவைத் தூக்கிப் போடுங்கறார். விலையை நினைச்சா எனக்கு மனசு வரலை. பிப்ரவரில ஆரோவில்ல ஹாஃப் பதிஞ்சிருக்கேன், அங்க செம்மண் பாதை வேற. இன்னொண்ணு, 27-லயே நான் நிறுத்தியிருக்கணுமா?

வெறுங்கால்_வேங்கை:

ஷூவே போடாதீங்க மேடம். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல அபேபே பிகிலா வெறுங்கால்லதான் மாரத்தான் தங்கம் அடிச்சார், 2 மணி 15 நிமிஷம் 16 விநாடி. ஆரோவில்லயும் வெறுங்கால்ல ஓடுறவங்களைப் பார்ப்பீங்க.

பெசன்ட்நகர்_ஆமை:

வேங்கை சார், அதே பிகிலா 1964 டோக்கியோவுல ஷூ மாட்டிக்கிட்டுத்தான் மறுபடியும் ஜெயிச்சார், அதுவும் ரோம்ல ஓடினதைவிட மூணு நிமிஷம் வேகமா. ரோமுக்கு முன்னாடியே அவர் வெறுங்கால்ல ஓடிப் பழகினவர். அஞ்சு வாரத்துல ஒரு டீச்சரோட பாதம் அப்படி மாறாது.

மிஸ், நான் 11 ஃபுல் ஓடியிருக்கேன். அதுல முதல் நாலுல உங்களை மாதிரியேதான். ஷூ மேல எனக்குச் சந்தேகம் இல்லை. 32 கிலோமீட்டர்ல வராதது 22-ல வந்திருக்குன்னா, அன்னிக்கு ஏதோ ஒண்ணை நீங்க மாத்தியிருக்கீங்க. மூணு கேள்வி கேக்குறேன். தண்ணி கொடுக்குற இடத்துல தலையில ஊத்திக்கிட்டீங்களா? சாக்ஸ் பழசா புதுசா? லேஸை எப்படிக் கட்டினீங்க?

குரோம்பேட்டை_கணக்குமிஸ்:

ஐயோ, பக்கத்துலயே ஓடிட்டு வந்தீங்களா? ஆமா, ஒவ்வொரு பாயிண்ட்லயும் ரெண்டு கப் தலையில, ஒரு கப் கழுத்துல. ஜனவரின்னுதான் பேரு, கடற்கரைக் காத்துல கசகசன்னு இருந்துச்சு. சாக்ஸ் புதுசு. காட்டன். மக ஆசையா வாங்கிக் கொடுத்தா, பந்தயத்தன்னிக்குத்தான் போடணும்னு பத்திரமா வச்சிருந்தேன். லேஸ், நீண்ட தூரம் கால் வீங்கும்னு யாரோ சொன்னாங்கன்னு கொஞ்சம் தளர்வா விட்டேன்.

பெசன்ட்நகர்_ஆமை:

முடிஞ்சது கேஸ். ஷூவை வீட்டுக்குள்ள எடுத்து வைங்க.

கொப்புளம் தேய்ஞ்சு வர்றதுன்னு எல்லாரும் நினைக்கிறோம். முழுசா சரியில்லை. இடது புறங்கை மேல வலது ஆள்காட்டி விரலை அழுத்தி வைங்க. விரல் வழுக்கக் கூடாது. அப்படியே முன்னாடி பின்னாடி அசைங்க. மேல்தோல் விரலோடயே போய்ட்டு வருது, எலும்பு இருந்த இடத்துலயே இருக்குல்ல? ஷூவுக்குள்ள நடக்கிறது இதுதான். ஈரமான காட்டன் சாக்ஸ் தோலை இறுக்கிப் பிடிச்சுக்குது, ஒவ்வொரு அடிக்கும் உள்ள எலும்பு மட்டும் முன்னாடி போய்ப் பின்னாடி வருது. நடுவுல மாட்டுறது தோலோட அடுக்குகள். உள்ளங்கால் தோல் தடிமன், மேல கிழியாது. அதனால உள்ளுக்குள்ளயே அடுக்கு விட்டுப்போய், அந்த இடைவெளியில நீர் கோத்துக்குது. ஆயிரக்கணக்கான அடி இப்படி.

காஞ்ச தோலைவிட ஈரத்தோலுக்குப் பிடிப்பு ஜாஸ்தி. தலையில ஊத்தின தண்ணி வேற எங்க போகும், கால் வழியா இறங்கி ஷூவுல தேங்கும். லாங் ரன்ல யாரும் உங்களுக்குக் கப் நீட்டலை, அதான் அன்னிக்குத் தப்பிச்சீங்க. இனிமே தண்ணியை வாயில ஊத்துங்க. தலைக்கு வேணும்னா முன்னாடி குனிஞ்சு, கால்ல படாம.

வாசலின் விஷயத்துல என்கிட்ட சண்டைக்கு வர ஆள் உண்டு. தொடை, அக்குள் எல்லாம் சரி. பாதத்துக்கு நான் விட்டுட்டேன். முதல் ஒரு மணி நேரம் வழுக்கும், நேரம் போகப் போக உராய்வு பழைய நிலைக்கு வந்து, அப்புறம் அதுக்கும் மேல போகும். 21 ஓடுறவங்களுக்கு ஒத்து வரலாம், நம்மளை மாதிரி அஞ்சு மணி நேரக் கோஷ்டிக்கு வராது.

அதுக்குப் பதில் மெடிக்கல் ஷாப்ல 'மைக்ரோபோர்'னு கேளுங்க, டிரிப்ஸ் ஊசியை ஒட்டுவாங்களே, அந்தப் பேப்பர் டேப். 2016-ல ஸ்டான்ஃபோர்டு டாக்டர்கள் பல நாள் ஓடுற அல்ட்ரா பந்தயத்துல 128 பேர் கால்ல இதை ஒட்டிப் பார்த்தாங்க. ஒட்டின இடத்துல கொப்புளம் 40 சதவீதம் குறைவு. காலை நல்லாத் துடைச்சு, கிளம்புறதுக்கு முன்னாடியே ஒத்தை அடுக்கா, சுருக்கம் விழாம ஒட்டணும். முனையைக் கத்திரிக்கோலால வட்டமா வெட்டி விடுங்க, சதுர முனைதான் முதல்ல எழும்பும். ஓடும்போது ஈரக்கால்ல ஒட்டுற எதுவும் பீடிதான்.

குதிகால் கொப்புளம் தளர்ந்த லேஸால வந்தது. ஷூவுல மேல யாரும் கோக்காம விடுற கடைசி ஓட்டை ஒண்ணு இருக்கும், பார்த்திருக்கீங்களா? ரெண்டு பக்கமும் லேஸை அதே பக்கத்துல அந்த ஓட்டைக்குள்ள விட்டுச் சின்னக் காது மாதிரி வைங்க. வலது லேஸை இடது காதுக்குள்ள, இடது லேஸை வலது காதுக்குள்ள விட்டு இழுத்துக் கட்டுங்க. விரல் பக்கம் தளர்வா இருக்கும், குதிகால் மட்டும் நகராது.

மகளுக்கு நன்றி சொல்லி அந்த சாக்ஸைக் கல்யாணத்துக்குப் போட்டுக்குங்க.

நைட்டூட்டி_நர்ஸ்:

எல்லாரும் பந்தயத்தைப் பத்தியே பேசுறீங்க. எனக்கு அந்த சேஃப்டி பின்தான் கண்ணுல நிக்குது. அக்கா, முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. சுகர் இருக்கா? டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டீங்க? இப்ப அந்த இடம் எப்படி இருக்கு?

சின்னக் கொப்புளம், வலி இல்லைன்னா தொடவே கூடாது. மேல இருக்கிற தோல்தான் இருக்கிறதுலயே நல்ல கட்டு. பெருசா இறுக்கமா நடக்கவே முடியலைன்னா மட்டும் சோப்புப் போட்டுக் கால் கழுவி, புது ஊசியை ஸ்பிரிட்ல துடைச்சு, நடுவுல குத்தாம ஓரமா ரெண்டு இடத்துல குத்தி நீரை மெதுவா அமுக்கி விடணும். தோலை உரிக்கக் கூடாது. ஆயின்மென்ட் போட்டுச் சுத்தமான துணியால மூடிடுங்க. உள்ள ரத்தம் கோத்திருந்தா கை வைக்காதீங்க. சுத்திச் சிவப்பு பரவுனாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ உடனே டாக்டர்கிட்ட போகணும். சுகர் உள்ளவங்க கொப்புளத்தை வீட்டுல குத்தவே கூடாது. உள்ளங்கால் கொப்புளமா ஆரம்பிச்சு விரலை எடுக்கிற வரைக்கும் போனதை வார்டுல பார்த்திருக்கேன்.

காரைக்குடி_நடைப்பயணி:

அம்மா, எனக்கு ஓட்டம் தெரியாது. 19 வருஷமா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவன். வெறுங்கால்தான். முதல் வருஷம் நத்தம் போறதுக்குள்ள ரெண்டு காலும் போச்சு. ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்து முழிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வீட்டு ஆச்சி தலைமாட்டுல இருந்து ஊசி எடுத்து, நூல் கோத்து, கொப்புளத்துல இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தாக. நூலை உள்ளயே விட்டுட்டு முடிச்சுப் போட்டு, "நீர் தானா வடியும், நடப்பா"ன்னாக. திண்டுக்கல் தாண்டி மலை ஏறி முருகனைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.

இப்ப கூட வர்ற பிள்ளைகளுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. உறுத்துனா அப்பவே உக்காரு. அஞ்சு நிமிஷம் உக்காரத் தயங்குனவன்தான் அஞ்சு நாள் படுக்குறான்.

நைட்டூட்டி_நர்ஸ்:

ஐயா, ஆச்சியைக் குறை சொல்லலை. ஆனா அந்த நூல் உள்ள கிடக்கிற வரைக்கும் வெளிய இருக்கிற அழுக்குக்கு அது ஒரு பாதை. நீர் வடியிற வழியிலேயே கிருமியும் ஏறும். இனிமே யாருக்கும் நூல் விடாதீங்க.

காரைக்குடி_நடைப்பயணி:

சரிம்மா. வர்ற தைக்கு ஸ்பிரிட்டு பாட்டில் எடுத்துக்கிறேன்.

குரோம்பேட்டை_கணக்குமிஸ்:

நர்ஸ் தங்கச்சி, சுகர் எனக்கு இல்லை, அம்மாவுக்கு இருக்கு. டெட்டனஸ் ஊசி எப்போன்னே ஞாபகம் இல்லை, நேத்து சாயங்காலம் போய்ப் போட்டுட்டு வந்தேன். புண் காய்ஞ்சு வருது, சிவப்பு இல்லை.

ஐயா சொன்னதுதான் சுருக்குன்னு இருந்துச்சு. 22-ல நான் மிச்சம் பிடிச்ச அந்த ஒரு நிமிஷத்துக்கு வட்டியோட நாப்பது நிமிஷத்துக்கு மேல கட்டியிருக்கேன். இந்தக் கணக்கைப் பசங்களுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். ஆனா 27-ல நிறுத்தியிருக்கணுமான்னு கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலை.

பெசன்ட்நகர்_ஆமை:

கொப்புளத்துக்காக நிறுத்த வேண்டாம். ஓர நடை நடந்தீங்களே, அதுக்காக நிறுத்தியிருக்கலாம். பாதம் பத்து நாள்ல ஆறிடும், கோணலா ஊணின முட்டி அவ்வளவு சீக்கிரம் ஆறாது. இப்ப முட்டி எப்படி?

குரோம்பேட்டை_கணக்குமிஸ்:

மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலிக்குது. புரிஞ்சுது.

குரோம்பேட்டை_கணக்குமிஸ்:

ஆரோவில் போய்ட்டு வந்தாச்சு, சொல்லாம விட்டா நல்லா இருக்காது. அதே ஷூ. நைலான் கலந்த விரல் சாக்ஸ், ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுப் பழகினது. டேப், காது வச்ச லேஸ். தலையில ஒரு சொட்டு ஊத்திக்கலை. 9-வது கிலோமீட்டர்ல உள்ள மண் போன மாதிரி இருந்துச்சு. ஒரு மரத்தடியில உக்காந்து ரெண்டு ஷூவையும் கழட்டித் தட்டினேன், ஒரு கரண்டி செம்மண் விழுந்துச்சு. கடிகாரத்தைப் பார்க்கலை. பழைய ரெண்டு இடத்துலயும் ஒண்ணும் இல்லை. டேப் ஒட்டாத இடது சுண்டுவிரல்ல மட்டும் மிளகு அளவுக்கு ஒண்ணு. தொடாம விட்டுட்டேன்.

இப்ப புதுப் பிரச்சினை. சாக்ஸ்ல ஏறின செம்மண் மூணு தடவை ஊறவச்சும் போகலை. அதுக்கு யாராச்சும் வழி சொல்லுங்க.