"பிஸ்போக்" என்றால் என்ன? "பேசப்பட்ட சமையலறை" என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

கேள்வி: வரிக்குவரி

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. லண்டனில் மர வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் விளம்பர ஏடு, இருபத்திரண்டு பக்கம், தமிழில் வேண்டும் என்று வந்தது. பக்கத்துக்கு நாலு தடவை "பிஸ்போக்" வருகிறது. பிஸ்போக் கிச்சன், பிஸ்போக் அலமாரி, ஓர் இடத்தில் பிஸ்போக் அணுகுமுறை வேறு. இரவு பதினொரு மணி, தூக்கக் கலக்கம். "ஸ்போக்" இருக்கிறதே, பேச்சு சம்பந்தப்பட்டதுதான் என்று நினைத்து "பரவலாகப் பேசப்பட்ட சமையலறை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். திருத்துபவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அகராதி "ஆர்டரின் பேரில் செய்யப்பட்ட" என்கிறது. அப்படியென்றால் "கஸ்டம்" என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? பேசுவதற்கும் அலமாரிக்கும் என்ன உறவு? பழைய ஆங்கிலக் கதை ஒன்றில் "அவள் நடை நல்ல வளர்ப்பை பிஸ்போக்" என்கிற மாதிரி ஒரு வரி படித்த ஞாபகமும் இருக்கிறது. அது வேறு குழப்பம்.

பதில் 1: வேர்ச்சொல் பைத்தியம்

நீங்கள் முழுக்கத் தப்பு இல்லை, பேச்சு சம்பந்தப்பட்டதுதான். ஆனால் அலமாரியைப் பற்றி ஊர் பேசவில்லை. அலமாரி வேண்டும் என்று நீங்கள் தச்சரிடம் பேசினீர்கள். தமிழில் "சொல்லி வைப்பது" என்கிறோமே, அதுதான் "பிஸ்பீக்". முன்கூட்டிச் சொல்லி வைப்பது, ஏற்பாடு செய்வது என்ற பொருள் அந்த வினைக்கு 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. அதன் எச்சவடிவம்தான் பிஸ்போக். ஆக, சொல்லிச் செய்தது. இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. "ஸ்போக்கன் ஃபார்" என்று ஒரு பொருளையோ ஆளையோ சொல்வதும் இதே குடும்பம்: ஏற்கெனவே பேசி வைத்தாயிற்று, வேறு ஆளுக்கு இல்லை.

ஒரு காலத்தில் நாடகத்தைக்கூட இப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் நாடகக் குழுவிடம் இன்ன நாடகம் போடுங்கள் என்று கேட்டால், அந்த ஆட்டத்துக்கே "பிஸ்பீக்" என்று பெயர்.

கதையில் நீங்கள் படித்தது அதே வினையின் இன்னொரு பொருள்: காட்டுவது, உணர்த்துவது. "அவள் நடையே நல்ல வளர்ப்பைச் சொன்னது" என்று தமிழிலும் எழுதுவோம் அல்லவா? அதே "சொன்னது"தான். அங்கே அது இறந்தகால வினை. கிச்சனுக்கு முன்னால் வருவது பெயரடை. ஒலிக்கும்போது அழுத்தம் "ஸ்போக்"கில் விழும்.

கஸ்டம் என்று அமெரிக்கர்கள் எழுதுவார்கள். அவர்கள் காதுக்கு பிஸ்போக் வெகுகாலம் பழைய வாடை அடித்த சொல். பிரிட்டனில் அப்படியில்லை, கணினி நிரலுக்குக்கூட "பிஸ்போக் சாஃப்ட்வேர்" என்றுதான் சொல்கிறார்கள்.

பதில் 2: சாக்குக்கட்டி

முப்பது வருஷமாகக் கோட்டு வெட்டுகிறேன், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன். அளவு கொடுத்துத் தைத்ததெல்லாம் பிஸ்போக் ஆகாது.

மூன்று வகை இருக்கிறது. ஒன்று ரெடிமேட், சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது "மேட் டு மெஷர்": ஏற்கெனவே இருக்கும் பொது வார்ப்பை, அதாவது துணி வெட்டும் மாதிரி வடிவத்தை, எடுத்து உங்கள் அளவுக்குக் கூட்டிக் குறைப்பது. மூன்றாவதுதான் பிஸ்போக். உங்கள் ஒருவர் உடம்புக்கென்று காகிதத்தில் புதிதாக வார்ப்பு வரைவோம். இடது தோள் அரை விரல் இறங்கியிருந்தால் அது வார்ப்பிலேயே இருக்கும். துணியை வெட்டி, வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டு மாட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி வெட்டுவோம். லண்டனில் சாவில் ரோ என்ற தையற்கடைத் தெருவில் தையற்காரர்கள் 2004இல் ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் கணக்குப்படி ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும்.

அப்புறம் 2008இல் அங்கேயே ஒரு வழக்கு. இயந்திரத்தில் வெட்டிய சூட்டை பிஸ்போக் என்று விளம்பரம் செய்கிறார்கள் என்று விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்புக்குப் புகார் போனது. சாதாரண ஜனங்களுக்கு இரண்டும் ஆர்டர் கொடுத்துச் செய்ததுதான், வித்தியாசம் தெரியாது, சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தத் தெருவில் வாடிக்கையாளருக்காகப் பேசி ஒதுக்கிய துணிச் சுருளிலிருந்துதான் இந்தச் சொல்லே பிறந்தது என்பார்கள்.

பதில் 3: வேர்ச்சொல் பைத்தியம்

கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை ஐயா. இந்தப் பெயரடை 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுத்தில் இருக்கிறது. சாவில் ரோ தையலுக்குப் பேர்போனது 19ஆம் நூற்றாண்டில். தெரு சொல்லைப் பிரபலமாக்கியது, பெற்றெடுக்கவில்லை.

பதில் 4: சாக்குக்கட்டி

சரி, தெருவை விட்டுக்கொடுக்கிறேன். 50 மணி நேரத்தை விட மாட்டேன்.

பதில் 5: போகிறபோக்கில்

இப்போது இந்தச் சொல் படும் பாடு தெரியுமா? பிஸ்போக் காலை உணவு, பிஸ்போக் மெழுகுவத்தி. தட்டில் இருக்கும் நாலில் இரண்டை நான் தேர்ந்தெடுத்தால் பிஸ்போக்காம். விலை கூடப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு, அவ்வளவுதான். கிச்சனில் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஆயத்தப் பெட்டிகளை வாங்கிக் கதவின் நிறத்தை மட்டும் மாற்றித் தருகிறார்களா, இல்லை சுவரைப் பார்த்து வரைகிறார்களா?

பதில் 6: வரிக்குவரி

பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் வீட்டுக்கு வந்து பார்த்து, புதிதாக வரைந்து, பட்டறையில் அறுப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஆக சாக்குக்கட்டி ஐயாவின் மூன்றாவது வகையில் சேரும். "நீங்கள் சொல்ல, உங்களுக்கென்றே வரைந்து செய்த சமையலறை" என்று முதல் இடத்தில் போட்டேன். கொஞ்சம் நீளம், ஆனால் அடுத்தடுத்த இடங்களில் "சொல்லிச் செய்த" என்று சுருக்கினால் புரிகிறது. கைப்பிடிகள் பட்டியலிலிருந்து எடுப்பவை, அதனால் அங்கே மட்டும் "நீங்கள் தேர்ந்தெடுக்கும்" என்று மாற்றிவிட்டேன். திருத்துபவர் இந்தத் தடவை கேள்விக்குறி போடவில்லை.

"பிஸ்போக் அணுகுமுறை"தான் மிச்சம். அதை மஞ்சள் அடித்து, இங்கே என்ன சொல்ல வருகிறீர்கள் என்று லண்டனுக்கே கேட்டு எழுதியிருக்கிறேன். மூன்று நாளாகிறது, இன்னும் பதில் வரவில்லை.