கல் வேலை தெரிஞ்சவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

மாமல்லபுரம் பக்கம் சிற்ப வேலை செய்றவங்க யாராச்சும் குரூப்ல இருக்கீங்களா? அண்ணன் பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு சார்ட் போடுறா, நெட்ல பாத்தா எல்லாத்துக்கும் "செதுக்குதல்"னே போட்டு வெச்சிருக்காங்க, ஆனா நம்ம ஊர்ல அம்மிய கொத்துவோம், பாறைய குடைவோம், பலகைய இழைப்போம், பம்பரத்த கடைவோம், எல்லாம் வேற வேற வேலைதானே.

மாமல்லபுரத்துல ஒரே பாறைல செதுக்கின கோயில் தர்மராஜ ரதம் இருக்குல்ல, அதுல மேல முடிஞ்சும் கீழ்ப்பக்கம் அரைகுறையா நிக்குது பாருங்க, மேலருந்து கீழ செதுக்கிட்டே வந்திருக்காங்கன்னு அதுலயே தெரியுது (7ஆம் நூற்றாண்டு வேலைங்க அது!). அந்த மாதிரி கருங்கல்ல முதல்ல பெருசு பெருசா சில்லு எடுக்குறதுக்கு, அப்புறம் முகம், நகை எல்லாம் நுணுக்கமா எடுக்குறதுக்கு, கடைசியா வழவழன்னு தேய்க்கிறதுக்கு பட்டறைல என்ன பேர் சொல்றீங்க? எதுக்கு எந்த உளின்னு ஒரு போட்டோ போட்டா இன்னும் நல்லது. புக்ல இருக்குற வார்த்தை வேணாம்ங்க, நீங்க பேசுறதே போதும்.