மறு: 'ஒப்பந்த மேலாதிக்கம்' – வேறு சொல் பார்க்கலாமா?

> பன்னாட்டு ஒப்பந்தம் ஒரு நாட்டின் அரசியலமைப்புப் பாதுகாப்பைத் தள்ளிவிடும் நிலைக்கு 'ஒப்பந்த மேலாதிக்கம்' என்று வைக்கலாமே.

வணக்கம் அண்ணா,

முதலில் 'ஒப்பந்தம்' வேண்டாம். பாலக்காட்டுச் சித்தூரில் ஒப்பந்தம் என்றாலே பரம்பிக்குளம்-ஆளியாறு தண்ணீர்ப் பங்கீடுதான்; மணக்கடவில் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பதுதான் பேச்சு. அது தமிழ்நாடு, கேரளம் என்ற இரு மாநிலங்களுக்கு இடையே போட்டது. நாடுகளுக்கு இடையே என்றால் 'உடன்படிக்கை' இருக்கிறது. இங்கே மலையாளத்திலும் 'உடம்படி' என்கிறார்கள், நம் உடம்படுமெய்யில் உள்ள அதே உடம்படு.

'மேலாதிக்கம்' அதைவிடச் சிக்கல். கையெழுத்துப் போட்ட மறுநாளே உடன்படிக்கை நம் உரிமைமேல் ஏறி உட்கார்ந்துவிடும் என்று நினைக்க வைக்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. 1980இல் ஜோலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு: கடன் கட்ட வழியில்லாதவரைச் சிறையில் போடலாமா? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை கூடாது என்கிறது. 1979இல் இந்தியாவும் அதில் சேர்ந்திருந்தது. தீர்ப்பு எழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டில் பிறந்தவர். உடன்படிக்கை சட்டம் இயற்றத் தூண்டும், தானாகவே சட்டமாகிவிடாது என்றார். வறுமைக்குச் சிறை கூடாது என்பதற்கு நம் அரசியலமைப்பில் உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பு தரும் 21ஆம் பிரிவையே பிடித்துக்கொண்டார்.

ஆக, கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது: உடன்படிக்கையை நம் சட்டமாக இயற்றுவது. அதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. 'சட்டமேற்றம்' என்று வைக்கலாமா? அரங்கேற்றம் மாதிரி. 'சட்டமேறாத உடன்படிக்கை' என்றும் சொல்ல வரும். 253ஆம் பிரிவின்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டமேற்றம் செய்யலாம். ஆனால் அடிப்படை உரிமையோடு மோதினால் அந்தச் சட்டமும் நிற்காது. மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்கு விட்டுக்கொடுக்க 1958இல் உடன்பட்டார்கள். அதற்கு 1960இல் அரசியலமைப்பையே திருத்த வேண்டி வந்தது.

நெதர்லாந்தில் நிலைமை வேறு. எல்லோரையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை விதி அங்கே சாதாரணச் சட்டத்தைத் தள்ளிவிடும். அரசியலமைப்போடு முரண்படுகிற உடன்படிக்கை என்றால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதற்கு 'விஞ்சல்' போதும்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. 1997 விசாகா தீர்ப்பில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை சட்டமேறாமலே பயன்பட்டது. அதைத் துணையாகக் கொண்டு பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிமுறையை உச்ச நீதிமன்றம் வகுத்தது. அங்கே உரிமை குறையவில்லை, விரிந்தது. இதற்கு 'துணைவாசிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் 'வாசிப்பு' இடிக்கிறது. குழுவில் சட்டம் நடத்தும் அக்கா இதைப் பார்த்தால் ஒரு சொல் தாருங்கள்.