‘பார்ட்னர்ஷிப்’: கூட்டாண்மையா, கேண்மையா?

தக்கலையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கடற்கரை ஊர்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்காக ஒரு சிறுநூலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை நாகர்கோவில் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஐ.நா. 2015இல் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பதினாறைத் தட்டுத்தடுமாறிக் கடந்துவிட்டேன். நீடித்த வளர்ச்சிக்காக நாடுகள் தமக்குள் கொள்ளும் ‘பார்ட்னர்ஷிப்’ என்னும் கடைசி இலக்கில் நின்றுவிட்டேன். ‘பங்காளித்துவம்’ என்று எழுதிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டியபோது, “அப்போ நாடுகளுக்குள்ள சொத்துத் தகராறா?” என்று கேட்டார். ‘பங்குறவு’ என்றாலோ, கடற்கரையில் பங்கு என்பது பங்குத்தந்தையையும் கோயிலையுமே முதலில் நினைவூட்டும். வழிகாட்டுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

டீச்சர், இதில் தேட என்ன இருக்கிறது? பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் நெடுங்காலமாகக் ‘கூட்டாண்மை’ என்றே படிக்கிறார்கள். பிள்ளைகள் அறிந்த சொல்லைத் தாய்மாரும் அறிவர். ‘சஸ்டெய்னபிள்’ என்பதை ‘நீடித்த’ என்பதா, ‘பேண்தகு’ என்பதா என்னும் பழைய வழக்கை மட்டும் யாரும் இப்போது திறக்க வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

நாகர்கோவில் நண்பர் சுட்டும் கூட்டாண்மை, 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு தொழிலின் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டோரின் உறவு. நாடுகள் கடையா வைத்திருக்கின்றன? இலங்கையிலோ, பெருநிறுவனத்தின் சமூகப் பொறுப்பைக் ‘கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு’ என்கின்றனர். அங்குள்ளவர் நம் நூலைப் படித்தால் குழம்புவர். ஆள் என்னும் வேர் ‘மை’ ஈறு பெற்று ஆண்மையாகி, தாளாண்மை, வேளாண்மை எனக் கிளைத்தது. “தாளாண்மை என்னும் தகைமைக்கண் தங்கிற்றே வேளாண்மை என்னுஞ் செருக்கு” என்ற குறளில் வேளாண்மை பிறர்க்கு உதவுதலையே குறித்தது. இந்த இலக்குக்கு அதுவே சாலப் பொருந்தும்; ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டவர் உரக்கடையைத்தான் நினைப்பர். ஆகவே நட்பையும் உறவையும் குறிக்கும் ‘கேண்மை’ என்பேன். கேள், கேளிர், கேண்மை: “யாதும் ஊரே யாவரும் கேளிர்” என்று பாடியவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிருந்திருக்காது.

குளச்சலிலிருந்து:

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். கேண்மை இனிய சொல். அந்த இனிமையே எனக்கு இடிக்கிறது. 1952இல் ஐ.நா.வும் இந்தியாவும் நார்வேயும் ஒப்பமிட்டுக் கொல்லத்தருகே நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் திட்டம் தொடங்கியபோது, நம் தாலுகாக்களும் கொல்லமும் திருவிதாங்கூர்-கொச்சி என்னும் ஒரே மாநிலத்தில் இருந்தன. விசைப்படகு வந்தது, ஐஸ் வந்தது, பின்னர் இறால் ஏற்றுமதி பெருகியது. இழுவைமடிகள் கரையோரம்வரை வந்தபோது கட்டுமரக்காரரின் வலை அறுந்தது. இதைக் கேண்மை என்று என் தகப்பனாரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். நாடுகளுக்கிடையேயான உதவி பற்றிய 2005ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனத்திலும் உதவி பெறும் நாடுதான் ‘பார்ட்னர்’ நாடு. கொடுப்பவர் கொடையாளராகவே நிற்கிறார். செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்று 17ஆம் இலக்கே கேட்கிறதே, அது நட்பா, கடனா? கரையில் நின்று இழுக்கும் வலையான கரமடியில் கயிறு இழுப்பவனுக்கும் பங்குண்டு, வலைக்குச் சொந்தக்காரனான மடிக்காரனுக்கும் பங்குண்டு. அளவு வேறு, ஆனால் கணக்கு மணலிலேயே எல்லார் முன்னும் பிரிக்கப்படும். கணக்குக் கேட்கும் உரிமை தொனிக்கும் சொல்லே வேண்டும் என்பதால், கடைவாடை வீசினாலும் கூட்டாண்மைக்கே என் வாக்கு.

நாகர்கோவிலிலிருந்து:

இரண்டு வாக்குகள் ஆயின.

தக்கலையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘நாடுகள் பொறுப்பையும் பயனையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டாண்மை’ என்று விரித்து எழுதி, பிறகு ‘கூட்டாண்மை’ என்று சுருக்கிவிட்டேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன்; தகராறு என்று சொல்லவில்லை, ஆனால் “நம்ம குழு லோன் மாதிரியா?” என்று கேட்டார். பாதி சரி என்றேன்.

மார்த்தாண்டத்திலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். நன்றியுரையில் என் பெயரைச் சேர்ப்பதாயின், கூட்டாண்மைக்கு நான் பொறுப்பல்லேன் என்ற குறிப்புடன் சேர்க்கவும்.