புதுப்பிப்பு: பூத் தராசில் எடை தாவியது நின்றுவிட்டது (எச்எக்ஸ்711)

மாட்டுத்தாவணி பூச்சந்தைக் கடை ஒன்றுக்காக நான் செய்த மின்னணுத் தராசு (லோட் செல் எனும் எடை உணரியின் சிறு மின்னழுத்தத்தை எச்எக்ஸ்711 சில்லு எண்ணாக மாற்றும்), தட்டு காலியாக இருக்கும்போதே 4, 5 கிராம் தாவுகிறது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் 160 அளவீடுகளுக்குச் சராசரி எடுத்துப் பார்த்தேன். தாவல் குறைந்தது, ஆனால் எண் நிலைக்க 2 நொடி பிடித்தது. விடியற்காலைப் பூ வியாபாரத்துக்கு அது ஆகாது.

தீர்த்து வைத்தது, பதில் சொன்னவர்களில் ஒருவரான திருமங்கலத்து அண்ணனின் யோசனைதான். சில்லின் 15ஆவது முனையான 'ரேட்' அளவீட்டு வேகத்தைத் தீர்மானிப்பது; அது என் சுற்றுப் பலகையில் மின்வழங்கலோடு இணைந்திருந்தது; அதனால் நொடிக்கு 80 அளவீடு. அந்த முனையை மெல்லத் தூக்கி, தரை இணைப்போடு (கிரவுண்ட்) பற்றவைத்தேன். நொடிக்கு 10 ஆனது. அந்த வேகத்தில்தான் இந்தச் சில்லு மின்சார லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அடக்குகிறது. எண் நிலைக்க 0.4 நொடி போதும்.

எதிர்பாராதது ஒன்று: இரைச்சல் அடங்கிய பிறகும் சுழியம் நகர்ந்துகொண்டே இருந்தது. மல்லிகை மேல் தெளிக்கும் தண்ணீர் லோட் செல் ஒயர் இணைப்புக்குள் இறங்கி, பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்த ஈரத்தின் வழியே மின்கசிவு. சுத்தம் செய்து, காயவைத்து, எபாக்சி பூசி மூடினேன். மூன்று வாரமாகச் சுழியம் அசையவில்லை.